ஃப்ரீஸரில் ஓர் உலக்கை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது என்பார் அப்பா. மும்பையில் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதான் தோது. ரயில் பாதையில் மெகா பிளாக் என்று வண்டிகளை நிறுத்திவைப்பதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். ஐந்து மணிக்கு வருகிறோம் என்றவர்கள் ஏழு மணிக்குக் குர்லாவிலிருந்து போன் செய்து, ரிக்ஷாக்காரன் தாராவி என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறான் என்பார்கள். நாலரைக்கே அம்மா போட்டு அடுக்கிய வாழைக்காய் பஜ்ஜி அதற்குள் துவண்டுபோயிருக்கும். சொஜ்ஜி கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது.

மிஞ்சுவதெல்லாம் திங்கட்கிழமை என் டப்பாவுக்கு வரும். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அவர் பக்கம் எதையும் அம்மா போகவிட மாட்டாள். அந்தேரியில் என் அலுவலகத்தில் மதியம் டப்பாவைத் திறந்து பஜ்ஜி தென்பட்டால் போதும், பக்கத்து மேசைக்காரி, “கல் கோயி தேக்னே ஆயா தா க்யா?” என்று கேட்டுவிடுவாள். நேற்று யாரோ பார்க்க வந்தார்கள் என்பதும், இன்னும் ஒன்றும் தேறவில்லை என்பதும் ஒரு பஜ்ஜியிலிருந்து அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு வரும் கோபத்தை அந்தப் பஜ்ஜியின் மேல்தான் காட்ட முடிந்தது.

கல்யாணத்தின் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. சேலை கட்டிக்கொண்டு தட்டைத் தூக்கிவந்து, முன்பின் தெரியாத ஒரு சித்தப்பா என்னை மேலிருந்து கீழே பார்ப்பதற்காக நிற்பதுதான் ஆகவில்லை. இதை அம்மாவிடம் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் திருநெல்வேலிக்குத் தெற்கே பிறந்து, கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். இவ்வளவு வருடத்தில் இந்திக்காரர்கள்தான் அவள் பேச்சுக்குப் பழகிக்கொண்டார்களே தவிர அவள் யாருக்கும் பழகவில்லை. என் பேச்சு அவள் காதில் ஏறவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் போனஸ் பணத்தில் ஒரு சின்ன ஓவன் வாங்கினேன். வீடியோ பார்த்துக் குக்கீ செய்யக் கற்றுக்கொண்டேன். அந்த வீடியோவில் ஒரு பெண் சொன்னாள்: மாவை முன்கூட்டியே பிசைந்து, நீளமாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீஸரில் போட்டுவிடுங்கள், மாதக் கணக்கில் கெடாது, விருந்தாளி வரும்போது வேண்டியதை மட்டும் வெட்டிச் சுட்டுக்கொள்ளலாம். கேட்டதும் எனக்கு வெளிச்சம் போட்டது போல இருந்தது. மெகா பிளாக்குக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

“ஏட்டி, பொண்ணு பாக்க வாரவங்களுக்குப் பிஸ்கோத்தா குடுப்பாவ?” என்றாள் அம்மா.

“இதுவரைக்கும் பஜ்ஜி குடுத்து என்னத்தக் கண்டோம்?”

அம்மா இறங்கிவந்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: முட்டை கூடாது. வருகிறவர்கள் எந்தக் கிழமையில் எதைத் தின்ன மாட்டார்களோ, யார் கண்டது. நான் முட்டைக்குப் பதில் பாலை விட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் சாக்லேட் துணுக்குகளும் போட்டுப் பிசைந்தேன். உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, மேலே வெள்ளித்தாளையும் சுற்றினேன். பிறகு அதைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று என் நிபந்தனையைச் சொன்னேன்.

“இது தீருத வரைக்கும் யாரு வேணா வரட்டும். சேலை கட்டுதேன், தட்டு தூக்குதேன், கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுதேன். இது தீந்துட்டா அதோட சரி. அப்புறம் யாரும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எனக்கா தோணுனா நானே வந்து சொல்லுதேன்.”

அம்மா அதை வாங்கி இரண்டு கையாலும் எடை பார்த்தாள். “உலக்கை மாதிரில்லா இருக்கு. இது தீருததுக்குள்ள உனக்குப் புள்ளையே பொறந்துரும்,” என்றாள். சந்தோஷமாகவே சம்மதித்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, “நியாயந்தான்,” என்றார். அவர் கீழே தெருவில் கருப்பட்டி, வத்தல், அப்பளம் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். கடையிலும் வீட்டிலும் அவர் அதிகம் பேசுவதில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு உலக்கை என்றே பெயர்.

முதலில் வந்தவர்கள் கோவண்டிக்காரர்கள். சயனிலிருந்து போன் வந்ததும் ஓவனைச் சூடு செய்தேன். கீழே வந்துவிட்டோம் என்று சொன்னதும் உலக்கையிலிருந்து பத்து வில்லைகள் வெட்டி உள்ளே தள்ளினேன். எங்கள் வீடு, குடிசைகளை இடித்துக் கட்டிக்கொடுத்த கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் பெரும்பாலும் வேலை செய்யாது. அவர்கள் மூச்சு வாங்க ஆறு மாடி ஏறி, செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து முடிப்பதற்கும் குக்கீ வெந்து முடிப்பதற்கும் சரியாக இருந்தது. வீடெல்லாம் வெண்ணெய் வாசனை. அம்மா முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் பொங்கலில் மிளகைப் பொறுக்குவதுபோல் சாக்லேட் துணுக்குகளை ஒவ்வொன்றாகத் தோண்டித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

அடுத்து வந்தவர்கள் மெகா பிளாக் இல்லாத ஒரு ஞாயிறைக் கண்டுபிடித்து, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார்கள். அடுப்படியில் இடமில்லாததால் எங்கள் ஃப்ரிட்ஜ் கூடத்தில் சோபாவை ஒட்டி இருக்கிறது. மாப்பிள்ளை சரியாக ஃப்ரீஸர் கதவுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். “கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்கிடுங்க,” என்பதுதான் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் நிமிர்ந்து பார்த்தபோது நான் அவர் தலைக்கு மேல் வெள்ளித்தாள் சுற்றிய உருட்டுக்கட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து தன் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவதாக வந்தவர்கள் ஆண்டாப் ஹில்காரர்கள். இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாப்பிள்ளையின் சித்தப்பா குக்கீயை நன்றாகத் தின்றார். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க,” என்றார். எங்கே நடப்பது? அவர்கள் உட்கார்ந்த பிறகு கூடத்தில் மீதி இருந்தது ஒரு பாய் விரிக்கும் இடம். நான் ஃப்ரிட்ஜ்வரை போய்த் திரும்பி வந்தேன். அவருக்குப் போதவில்லை. “இன்னொரு தடவ,” என்றார். இன்னொரு தடவை ஃப்ரிட்ஜுக்குப் போனேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என் காலைப் பார்க்கவில்லை, சித்தப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு, உலக்கை இன்னும் எவ்வளவு மிச்சம் என்று திறந்து பார்த்துத்தான் மனதை ஆற்றிக்கொண்டேன்.

அதன் பிறகும் வந்துகொண்டிருந்தார்கள். மான்குர்த்தில் இருக்கும் என் அத்தை, அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா, எங்கிருந்தாவது ஒரு ஜாதகத்தைப் பிடித்துவிடுவாள். நானும் வெட்டிக்கொண்டே இருந்தேன். வேண்டுமென்றே வில்லைகளைக் கனமாக வெட்டினேன். ஆனால் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. உலக்கை குறையவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கும்போது போன ஞாயிறு இருந்த நீளத்திலேயே இருந்தது. குளிரில் மாவு உப்புமோ என்று இணையத்தில்கூடத் தேடிப் பார்த்தேன்.

புரட்டாசியில் வந்த ஒரு பெரியவர் குக்கீயைக் கடித்துவிட்டு, “அடடே, இதுல நம்ம ஊரு வாசம்லா அடிக்கு,” என்றார். நான் தட்டைப் பார்த்தேன். பாதிக் குக்கீகள் நான் செய்ததுபோல் பரந்து மெலிந்திருந்தன. மற்ற பாதி உப்பிக்கொண்டு, நடுவில் கறுப்பாக எதையோ ஒழுகவிட்டிருந்தன. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். ஏலக்காய். டால்டா. சாக்லேட் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பட்டி.

வந்தவர்களை வழியனுப்ப அப்பாவும் கூடவே இறங்கினார். படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்தேன். “நீதானம்மா?”

“நான்தான்,” என்றாள் அம்மா, கொஞ்சமும் கூசாமல். “நான் பெசஞ்சு கடைசில ஒட்டவச்சேன். அதுக்கென்ன?”

“தீந்துட்டா நிறுத்தணும்னு பேசினோம்லா?”

“தீந்துட்டாத்தான? எங்க தீந்துச்சு? நீ ஒட்டவைக்கக் கூடாதுன்னு சொல்லலியே.”

அவள் அதோடு விடவில்லை. “ஒரு விசயந்தான் எனக்கு மட்டுப்படல. நான் வச்ச வைப்புக்கு இது இந்நேரம் கதவைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்திருக்கணும். வளரலியே. நீதான் வெட்டி எங்கியோ எறியுத.”

நான் எறியவில்லை என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அம்மாவுக்குச் சத்தியத்தில் நம்பிக்கை உண்டு. இருவரும் சேர்ந்து யோசித்தோம். பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா ஐஸ் தட்டை எங்கள் ஃப்ரீஸரில் வைத்து எடுப்பது வழக்கம். “அவ மீன் பொரிச்சா நமக்குக் குடுத்துட்டுத் திங்குதவ, மாவையா எடுப்பா,” என்று அம்மாவே அதைத் தள்ளுபடி செய்துவிட்டாள். நான் வேறு உருளை செய்து புதிதாகத் தொடங்கலாம் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இருப்பது இருக்கட்டும் என்றாள். உலக்கை பழையபடி உள்ளே போனது.

அந்த மாதம் வீட்டில் வேறு கவலை வந்தது. அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. டாக்டர் திட்டினார். கடையில் டீ குடிக்கிறீர்களா என்று அம்மா குறுக்குவிசாரணை செய்தாள். இல்லை என்றார். அவருக்குச் சோறு பாதியானது, ராத்திரிக்குக் கேழ்வரகு வந்தது, காலையில் ஒரு தம்ளர் பாகற்காய்ச் சாறு வந்தது. எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் விழுங்கினார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்க ஆரம்பித்தாள். மான்குர்த் அத்தைக்கும் அதிகமாகப் போன் செய்தாள்.

மழை விட்டுவிட்டது என்று எல்லோரும் நினைத்த பிறகு ஒருநாள் காலையில் கொட்டித் தீர்த்தது. சயன் ஸ்டேஷனில் தண்டவாளத்தில் தண்ணீர், வண்டி இல்லை என்றார்கள். சொட்டச் சொட்டத் திரும்பி வந்தேன். அம்மா விடிந்ததும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பியிருந்தாள். அப்பா கடையில் இருக்க வேண்டிய நேரம். சாவி போட்டுக் கதவைத் திறந்தேன்.

அப்பா ஃப்ரிட்ஜுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளித்தாள் பிரித்த உலக்கை. கையில் பாக்குவெட்டி. உலக்கையின் ஒரு முனையைப் பாக்குவெட்டியில் கொடுத்து நறுக்கென்று ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துவிட்டு அப்படியே இருந்தார்.

“என்னப்பா இது?”

பதில் சொல்ல முடியாமல் கையைக் காட்டினார். மாவின் குளிரில் நாக்கு விறைத்திருந்தது. அது கரையும்வரை நானும் நின்றேன்.

“இனிப்பு திங்கணும் போல இருந்துச்சாப்பா?”

“சே. இது ஒரு இனிப்பா? பச்சையாத் தின்னா சோப்பு மாதிரில்லா இருக்கு.”

“பின்ன எதுக்கு?”

மடியில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தீர மாட்டேங்கே,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். “அந்த ஆண்டாப் ஹில்காரன் உன்னை நடக்கச் சொன்னாம்லா. நான் அன்னைக்கே எந்திரிச்சு, வெளிய போங்கடேன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல. இது சீக்கிரம் தீந்துட்டா உனக்காவது விடுதலைன்னு, தெனம் கடை தொறக்குததுக்கு முன்ன ஒரு துண்டு.”

“வெட்டி எறிஞ்சிருக்கலாம்லாப்பா.”

அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. “திங்குத பொருளைக் குப்பையில போடச் சொல்லுதியா? கடை வச்சிருக்கவன் செய்யுத காரியமா அது?”

“அம்மாகிட்டப் போதும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா.”

“அதுக்கு இதைத் தின்னுதது லேசு,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அப்பா பதறிப்போய், பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் ஈரத் தலையைத் தோளில் கிடந்த துண்டால் துவட்டினார். அவர் விரலெல்லாம் வெண்ணெய். என் ஒருத்தியின் நிம்மதிக்காகத் தன் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிக்கொண்டிருந்த மனிதர், தலையில் தண்ணி கோத்துக்கொண்டால் சளி பிடிக்கும் என்றார்.

அம்மா வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவள் பையில் வெண்டைக்காய்க்கு மேலே மைதா பாக்கெட்டும் டால்டாவும் தெரிந்தன. பாக்குவெட்டியைப் பார்த்தாள். உலக்கையைப் பார்த்தாள். அப்பாவின் மீசையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

“நான் வைக்க வைக்க நீங்க தின்னுக்கிட்டா இருந்திய?”

“நீ வச்சியா?” அப்பா திகைத்துப்போனார். “அது தெரியாம, தின்னத் தின்ன வளருதேன்னு பயந்துபோய்க் கெடந்தேன். மாத்திரையால கண்ணு கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்.”

அம்மா திட்டுவாள் என்று நானும் அவரும் காத்திருந்தோம். அவள் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “உங்க உடம்பு இருக்குத இருப்புல, நீங்க நல்லா நடமாடும்போதே இவளை ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துரணும்னுதான நான் இந்தப் பாடுபட்டேன்,” என்றாள். “அதையே தின்னு சக்கரையை ஏத்தி வச்சிருக்கியளே.” என் மேல் அவளுக்கிருந்த அவசரமெல்லாம் பக்கத்து வீட்டார் பேச்சுக்குப் பயந்து என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் பயம் வேறு என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு அவள் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏட்டி, அந்தப் பெட்டியைச் சூடு பண்ணு,” என்றாள். உலக்கை முழுவதையும் பலகையில் வைத்து வெட்டினாள். என்னுடையதும் அவளுடையதுமாக, அப்பா பாக்குவெட்டியால் கடித்துவைத்த முனை உட்பட, ஒன்றும் விடவில்லை. தட்டுத் தட்டாக உள்ளே போய் வெளியே வந்தது. சாக்லேட்டும் கருப்பட்டியும் சேர்ந்த வாசனையில் பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு டப்பா, எங்கள் மாடியில் மற்ற வீடுகளுக்கு ஆளுக்கொரு டப்பா என்று நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா மான்குர்த்துக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

“மதினி, ஞாயித்துக்கிழமை வாரதாச் சொன்னாவள்லா, அவங்களை வர வேண்டாம்னு சொல்லிருங்க. இல்ல, இல்ல, சாதகமெல்லாம் பொருத்தந்தான். பையனும் நல்ல பையந்தான். எங்க வீட்டுல மாவு தீந்துட்டு.”

அத்தை பேசினால் போனைக் காதில் வைக்கவே தேவையில்லை, கூடம் முழுக்கக் கேட்கும். “இதுக்குப் போயா வேண்டாங்க? மாவுதான? நான் வரும்போது ரெண்டு கிலோ வாங்கிட்டு வாரேன்.”

“வேண்டாம் மதினி. நீங்க வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. மாவு வேண்டாம்,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

தட்டில் ஒரே ஒரு குக்கீ மிச்சமிருந்தது. அப்பாவின் கை பழக்க தோஷத்தில் அதன் பக்கம் நகர்ந்தது. அம்மா அதைத் தட்டிவிட்டு, குக்கீயை எடுத்து முழுசாகத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு மாதங்களில் அவள் அதைத் தின்று நான் பார்த்ததில்லை. மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, வெறும் தட்டை என் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

“தீந்துட்டு. போதுமா?” என்றாள்.